பழைய ஆஸ்பத்திரியில் ஏறுகிறவர்கள்

ஹவுசிங் போர்டு என்று செழியன் உரக்கச் சொன்ன பிறகுதான் கண்டக்டர் விசில் ஊதினார், வண்டி அதற்கும் பிறகுதான் அசைந்தது. திலகவதிக்கு எப்போதும் தோன்றுகிற எண்ணம் இன்றைக்கும் தோன்றியது: இந்தப் பிள்ளை ஒவ்வொரு ஸ்டாப்பிங்காகச் சொல்லிச் சொல்லித்தான் ஊரில் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கிறது, ஒருநாள் இவன் வாய் மூடினால் மணிக்கூண்டு எழுந்து ரயில்வே கேட்டுக்குப் போய்விடும். அவன் வாய் மூட மாட்டான். பதினாறு வயது, மீசை அரும்பிவிட்டது, அவளைவிட ஒரு சாண் உயரம், சட்டைப் பொத்தானை மட்டும் இன்னும் அவள்தான் போட்டுவிட வேண்டும். ஆனால் ஏழாம் நம்பர் டவுன் பஸ் போகிற வழியை மந்திரம் போல ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வான். ஹவுசிங் போர்டு, தண்ணித்தொட்டி, பால் டிப்போ, ரயில்வே கேட், மணிக்கூண்டு, கடைத்தெரு, பழைய ஆஸ்பத்திரி, சர்ச்சு, கோர்ட்டு. கோர்ட்டு என்பது நேற்றுவரை அவனுடைய பாட்டின் கடைசியில் வருகிற ஒரு சொல், அவ்வளவுதான். இன்றைக்கு அங்கே இறங்க வேண்டும். இறங்கி, படியேறி, கூண்டில் நின்று, வக்கீல் கேட்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஆமாங்க, அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டுதான் நின்னாங்க. காலையில் இட்லிக்கு ஊற்றும்போது சொல்லிப் பார்த்தாள், அவனுக்குத் தலை வாரும்போது சொல்லிப் பார்த்தாள், பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்க்கும்போதும் உதடு அதையே முனகிக்கொண்டிருந்தது. பொய் இல்லை அது. அதனால்தான் தொண்டையில் நிற்கிறது. பொய்யாக இருந்திருந்தால் எப்படியாவது முழுங்கியிருக்கலாம்.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலைம்மா" என்றார் வக்கீல் ஞானசேகரன், போன வாரம் அவர் ஆபீஸில். மின்விசிறி அவர் மேஜைமேல் இருந்த தாள்களைப் புரட்டப் பார்த்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. "பாத்ததைச் சொல்லுங்க, போதும். பையன் மேல கேஸ் போட முடியாது, சின்னவன், அதோட இப்படி இருக்கான். அதனாலதான் குழந்தையோட அப்பா, பெத்தவங்க உங்க ரெண்டு பேர் மேலயும் நஷ்டஈடு கேட்டுப் போட்டிருக்கார். பூங்காவுக்குக் கூட்டிட்டு வந்தவங்க பிள்ளையைப் பாத்துக்கலை, அதான் அவங்க கட்சி. சரி, செத்துப்போன குழந்தையையும் ஒருத்தி கூட்டிட்டுத்தானே வந்தா? அவ பாத்தாளா? நாலு வயசுக் குழந்தையை விட்டுட்டுக் கண்ணை மூடிட்டு நின்னான்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள்தான் சொன்னாள். முதல்நாள், யார் யார் எங்கே நின்றீர்கள் என்று அவர் கேட்டபோது, பரிமளா பாவம், தேர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டிருந்தா என்று சொன்னாள். பாவம் என்ற சொல்லை அவர் எழுதிக்கொள்ளவில்லை. "ஒண்ணு மட்டும் உங்க வாயால வந்துடக் கூடாதும்மா. நான் பாக்கலைன்னு. அது வந்துச்சுன்னா, பிள்ளையைப் பாத்துக்கலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும், அதோட முடிஞ்சுது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பாஸ்கரன் தலையாட்டினார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் தட்டிலேயே கை வைத்துக்கொண்டு அழுதார். நமக்கப்புறம் இவன் தலை சாய்க்க இந்த ஒரு வீடுதான் திலகா, அதுவும் போச்சுன்னா இவனை எந்த வாசல்ல கொண்டுபோய் விடுவேன்? அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அதுவும் ஒரு சௌகரியம். இன்றைக்கு ஸ்கூட்டரில் முன்னாலேயே போய்விட்டார், செழியன் ஸ்கூட்டரில் ஏற மாட்டான், ஆட்டோவில் ஏற மாட்டான், அவனுக்கு வண்டி என்றால் ஏழாம் நம்பர்தான். வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? முன்பெல்லாம் எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் கல்யாணங்களுக்குப் போய் வந்திருக்கிறாள். இப்போது எதிர்வீட்டுக் கதவு அவள் வாசல் தெளிக்கும்போது சாத்தியிருக்கிறது.

"தண்ணித்தொட்டி. எறங்கறவங்க எறங்கலாம், ஏர்றவங்க ஏறலாம். படியில நிக்காதீங்க, மேல வாங்க" என்றான் செழியன். மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் திலகவதி, நடைபாதை ஓரம் அவன், கண்டக்டர்கள் நடைபாதையில்தான் இருப்பார்கள் என்பதால் அந்த இடத்தை அவன் யாருக்கும் தர மாட்டான், நடுவில் கீரைக்கூடையை மடியில் வைத்த ஒரு கிழவி. கூடையிலிருந்து நீர் சொட்டித் திலகவதியின் புடவை முழங்காலில் நனைந்தது, குளிர்ச்சியாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஏங்க, இந்த வண்டியில கண்டக்டரு ரெண்டு பேரா? நான் எவருகிட்ட டிக்கெட்டு எடுக்கறது?" என்றாள் கிழவி. "ஒனக்குத்தான் ஓசி டிக்கெட்டாச்சே ஆயா, எவன் குடுத்தா என்ன" என்றார் கண்டக்டர். செழியனைப் பார்த்து, "தம்பி, எனக்கு முன்னாடி நீ பென்ஷன் வாங்கிருவ போலருக்கே" என்றார். செழியன் சிரிக்கவில்லை, வேலை நேரத்தில் அவன் சிரிப்பதில்லை. கிழவி இவள் பக்கம் திரும்பினாள். "ஒம் மவனாம்மா? நல்லா கணீர்னு சொல்றான். எம் பேரன் இஞ்சினீரு படிச்சுப்புட்டு வீட்டுல வாயே தொறக்கறதில்ல, என்னடா சோறு வேணுமான்னா போனைப் பாக்கறான். இது பாரு, ஊரையே எழுப்புது." திலகவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாயில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஆமாங்க, அந்தம்மா. வாயை மூடிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று, தெரியாத ஒருத்தி இவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி. இந்தக் கிழவிக்குத் தெரியாது. தெரிந்தால் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போவாள். தெரிந்தவர்கள் அப்படித்தான் போனார்கள்.

பால் டிப்போ. பூங்காவில் ஊஞ்சல்தான் பஸ். அவன் உட்கார, அவள் பின்னாலிருந்து தள்ள, ஒரு தள்ளுக்கு ஒரு ஸ்டாப்பிங். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடக் கூடாதென்று துருப்பிடித்த பலகை ஒன்று இருந்தது, அதை வழக்கில் எழுதியிருக்கிறார்கள், சரிதான், ஆனால் உள்ளே இருக்கிற வயதைக் கேட்டு எந்தப் பலகையும் எழுதுவதில்லையே. மற்ற பிள்ளைகள் அவனைக் கண்டால் ஊஞ்சலை விட்டு ஓடின. ஓடாதது ஆதிரை ஒன்றுதான். முதல் நாளே எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "இந்த பஸ் எங்க போவுது?" என்றது. "கோர்ட்டு" என்றான் இவன். "எனக்கு அங்க வேலை இல்ல" என்றது அது, பெரிய மனுஷி மாதிரி, "நான் பழைய ஆஸ்பத்திரியில ஏறி சர்ச்சுல எறங்கிக்கறேன்." ஏன் பழைய ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு அவள் அம்மா பரிமளா சிரித்தாள். "அங்கதான்க்கா இவ பொறந்தா. எங்கம்மா வீடு அந்தப் பக்கந்தான். பஸ்ஸுல போறப்பல்லாம் நான் பொறந்த இடம், நான் பொறந்த இடம்னு மானத்தை வாங்குவா." அன்றிலிருந்து அது தினப்படி ஆனது. புங்கமரத்தடிதான் ஸ்டாப்பிங். ஆதிரை அங்கே கையில் ஒரு புங்க இலையோடு காத்திருக்கும், அதுதான் டிக்கெட். ரயில்வே கேட், மணிக்கூண்டு, கடைத்தெரு என்று வந்ததும் திலகவதி சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்துவாள், பழைய ஆஸ்பத்திரி என்று அவன் கத்துவான், அது ஓடி வந்து அவன் மடியில் ஏறிக்கொள்ளும். அது ஏறியதும், "பாப்பா ஏறிட்டாளா?" என்று கேட்பான். "ஏறிட்டா, ரைட் குடு" என்று மரத்தடியிலிருந்து பரிமளா குரல் கொடுப்பாள். அதுவரை வண்டி நகராது. அவனை யாரும் தொட்டால் உடம்பு விறைத்துக்கொள்வான், பெற்றவளே கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், ஆனால் அந்தக் குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது அவன் கைகள் எவ்வளவு பக்குவமாக வளைந்திருக்கும், பால் நிறைந்த பாத்திரத்தைப் பிடிப்பது போல. அதைக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியுமா? சொன்னால் எழுதிக்கொள்வார்களா?

"ரயில்வே கேட்" என்றான் செழியன், கேட் மூடியிருந்தது, வண்டி நின்றது. இங்கேதான். இதற்கு அடுத்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு தேர் ஆகிவிட்டது, இன்னும் அவள் மனது ரயில்வே கேட் தாண்டிப் போகும்போதெல்லாம் தடம் புரள்கிறது. அன்றைக்குச் சித்திரைத் தேர், உள்ளூர் விடுமுறை. காலையில் அவனுக்கு மாத்திரை வாங்கப் போனபோது இதே வண்டி, தேர் நிற்கிற வீதி என்பதால் மணிக்கூண்டுக்கும் கடைத்தெருவுக்கும் போகாமல், கேட்டைத் தாண்டியதும் பைபாஸில் திரும்பிச் சுற்றிக்கொண்டு நேரே பழைய ஆஸ்பத்திரியில் போய் நின்றது. அவன் துடித்துப்போனான். மணிக்கூண்டு எங்கம்மா, மணிக்கூண்டு எங்கம்மா என்று கேட்டான். தேர்டா கண்ணா, இன்னிக்கு மட்டும் அப்படித்தான் என்று அவள் சமாதானம் சொன்னாள். இன்னிக்கு மட்டும் அப்படித்தான். அவள் சொன்னதுதான். சாயந்திரம் பூங்காவில் கூட்டம், லீவு என்பதால் எல்லாப் பிள்ளைகளும். ஆதிரை புதுப் பாவாடையும் இலையுமாக மரத்தடியில் நின்றிருந்தது. அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். ரயில்வே கேட் என்று அவன் சொன்ன நேரத்தில் தேர் நிலைக்கு வந்து அதிர்வேட்டு வெடித்தது. ஊரே ஒரு கணம் கோபுரத்தின் பக்கம் திரும்பியது. பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பரிமளா திரும்பிக் கண்ணை மூடிக் கைகூப்பினாள், பெற்ற பிள்ளையைத் தவிர வேறு யாருக்காகக் கும்பிட்டிருப்பாள்? செழியனுக்கு வெடிச்சத்தம் ஆகாது, சத்தம் கேட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், அதனால் திலகவதியின் இரண்டு கைகளும் தாமாகவே அவன் காதுகளுக்குப் போயின. சங்கிலியைப் பிடிக்க வேண்டிய கைகள். இன்னும் இரண்டு ஸ்டாப்பிங் இருக்கிறதே என்ற நினைப்பு அந்தக் கைகளுக்குள் இருந்தது. அவன் பயத்தில் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, அன்றைய வழி எதுவோ அதை, உள்ளது உள்ளபடி, உரக்கச் சொன்னான். பழைய ஆஸ்பத்திரி. குழந்தை தன் ஸ்டாப்பிங் வந்ததென்று ஓடி வந்தது. நிற்காத ஊஞ்சலின் இரும்புப் பலகை. அந்தச் சத்தம் வேட்டுச் சத்தத்துக்குள் கேட்கவே இல்லை, அதுதான், கேட்டிருந்தால் ஒருவேளை மறக்க முடிந்திருக்கும், கேட்காத ஒன்றை எப்படி மறப்பது.

ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. யார் மேல் கேஸ் போடுவது? பூங்காவில் நடக்க வருகிறவர்கள் அதை மாதக்கணக்கில் பேசினார்கள், அவள் காய்கறி வாங்கப் போகும் வழியில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதில் விழும். "பெத்தவங்க மேல போடணும் சார், நாலு பேரை கோர்ட்டுக்கு இழுத்தாத்தான் புத்தி வரும். பிள்ளையை அவுத்துவிட்டுட்டுப் போனை நோண்டறாளுங்க." "எருமை மாதிரி வளந்தவனுக்கு ஊஞ்சல் என்னய்யா கேடு?" "அப்படிப் பாத்தா ஊஞ்சல் போட்டவன் மேலயும்தான் போடணும்." "எம் பையன் இதே பூங்காவுல கையை ஒடச்சான், நான் என் மேலயே கேஸ் போட்டுக்கவா?" அதற்கு ஒரு சிரிப்பு. சிரித்தவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. போடட்டும் என்றுதான் அவளுக்கே தோன்றியது. ஒரு குழந்தை போயிருக்கிறது, யாராவது ஒருத்தர் நிற்க வேண்டாமா? போகிறபோக்கில் காற்று தள்ளிவிட்டது என்று விட்டுவிட முடியுமா? ஆனால் அவள்மேல் மட்டும் போட்டிருந்தால் போதுமே. குற்றத்தை எடுத்துப் பரிமளா மடியில் வைக்கச் சொல்கிறார்கள், ஏற்கனவே காலியாக இருக்கிற அந்த மடியில். பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிறந்த இடத்துக்கே. வராந்தாவில் பரிமளா அழவில்லை. வெகுநேரம் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, ஒத்தச் செருப்பு பூங்காவுலயே கெடக்கும். எடுத்து வைங்க, அவ தேடுவா" என்றாள். அதுதான் கடைசியாக அவள் இவளிடம் பேசியது. செருப்பு புங்கமரத்தடியில் கிடந்தது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள், பரண்மேல், பித்தளைக் குடத்துக்குப் பின்னால். கொடுக்கப் போகிறேன் என்றபோது பாஸ்கரன், வேண்டாம் திலகா, கேஸ் முடியட்டும் என்றார். எது முடிந்தால் ஒரு குழந்தையின் செருப்பை அதன் அம்மாவிடம் கொடுக்கலாம்?

மணிக்கூண்டு. கடைத்தெரு. கிழவி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "வரேன் கண்டக்டரு, ஒன் வண்டி ஒரு குலுக்கல் இல்லாம வந்துச்சு" என்று செழியனின் தாடையை வழித்து முத்தமிட்டுக்கொண்டாள், அவன் விறைத்தான், ஆனால் விலகவில்லை. நடு இடம் காலியானது, ஈரமாக, இரண்டு முருங்கை இலைகளோடு. அடுத்தது. திலகவதி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்துக்கொண்டாள், இந்த வெயிலில். குழந்தை போன பிறகு பூங்கா இருக்கிற தெருவில் இருக்க முடியாமல் பரிமளா அம்மா வீட்டோடு போய்விட்டாள். இந்த நேரத்தில் கோர்ட்டுக்குப் போக அந்தப் பக்கத்தில் வேறு வண்டி கிடையாது. அவள் புருஷனோடு மோட்டார் சைக்கிளில் போயிருப்பாள். போயிருக்க வேண்டும். சாமி, போயிருக்க வேண்டும். ஜன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தது, பிறகு மஞ்சள் மதில், பிறகு ஸ்டாப்பிங்கின் தகரக் கூரை. நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, நீலப் புடவை, எலும்பாகிப்போன தோள், பஸ்ஸை நிமிர்ந்து பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு.

"பழைய ஆஸ்பத்திரி" என்றான் செழியன். ஏறினவர்கள் உள்ளே வந்தார்கள். பரிமளா கண்டக்டரிடம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நகர்ந்து வந்து, நிமிர்ந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கண்களில் வெறுப்பு இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துத் தயாராக இருந்த திலகவதிக்கு, அங்கே ஒன்றுமே இல்லாததைப் பார்க்கத் தைரியம் போதவில்லை. செழியன் பரிமளாவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். குனிந்து அவள் புடவை மறைவில் பார்த்தான். பிறகு யாருக்கும் விட்டுத்தராத தன் இடத்தை விட்டு நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, காலியான ஓரத்தைக் கையால் துடைத்தான். கண்டக்டர் விசில் ஊதினார், வண்டி அசைந்தது. "நிறுத்துங்க!" என்று அலறினான். "பாப்பா ஏறல! பாப்பா ஏறல!" டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து யாரோ, "யாருப்பா அது, புள்ளைய விட்டுட்டு ஏறினது? கண்ணு எங்கம்மா இருக்கு உங்களுக்கெல்லாம்?" என்று அதட்டினார். பரிமளாவின் முகம் அறை வாங்கியது போல ஒருபக்கம் திரும்பியது. "ஏறல, பாப்பா ஏறல, வண்டி போகாது" என்று செழியன் முன்னிருக்கைக் கம்பியில் நெற்றியை மோதத் தொடங்கினான். திலகவதி இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பிடித்தாள், அதே கைகள். "கண்ணா, வேண்டாண்டா, கண்ணா" என்பதற்குமேல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அவனைச் சமாதானப்படுத்துகிற ஒரே சொல்லைச் சொல்ல உரிமை உள்ளவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரிமளா கம்பியை விட்டாள். வந்து, அவன் துடைத்துவைத்த இடத்தில் உட்கார்ந்தாள். உதடுகள் இரண்டு முறை வெறுமனே அசைந்தன. பிறகு, மரத்தடியிலிருந்து சொல்கிற அதே குரலில் சொன்னாள், குரல் மட்டும் பழசாகிவிட்டிருந்தது.

"ஏறிட்டா தம்பி. ரைட் குடு."

செழியன் அவளையே பார்த்தான். நெற்றி சிவந்திருந்தது. உள்ளங்கையை நீட்டினான். புங்க இலை எதுவும் அவளிடம் இல்லை. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை அவன் கையில் வைத்தாள். அவன் அதை இரண்டு பக்கமும் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ரைட், ரைட்" என்றான். வண்டி கிளம்பியது. பரிமளாவின் கைகள் அவள் மடியில் இருந்தன, ஒன்றோடொன்று சேராமல், நடுவில் ஒரு சிறிய இடம் விட்டு வளைந்து. ஊஞ்சலில் குழந்தையை ஏந்தியிருந்த செழியனின் கைகள் போலவே. அவள் தலை இருக்கையில் சாய்ந்தது. கண்களை மூடிக்கொண்டாள்.

திலகவதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே ஒரு சைக்கிள் கடை, ஒரு பழவண்டி, பள்ளிக்கூட மதில், எல்லாம் நீருக்கடியில் இருப்பது போல நெளிந்தன. கேட்பார் வக்கீல். அந்த நேரத்துல அந்தம்மா என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க? பாஸ்கரன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து இவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தை எப்படித் தாங்கப் போகிறாள் என்று தெரியவில்லை. வாசலும் தெரிந்தது, எல்லாம் போன பிறகு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் போய் நிற்கிற ஏதோ ஒரு வாசல். தெரிந்துதான் உதட்டை அசைத்துப் பார்த்தாள், சத்தமில்லாமல், கண்ணாடியில் ஆவி படிகிற அளவுக்கு மட்டும். தெரியாதுங்க. நான் பாக்கலைங்க. தொண்டையில் எங்கும் நிற்கவில்லை அது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். நான் பாக்கலைங்க.

"சர்ச்சு" என்றான் செழியன். பக்கத்தில் திரும்பி, இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று சற்றுநேரம் காத்திருந்தான். யாரும் இறங்கவில்லை. பரிமளா கண் திறக்கவில்லை, கைகளை எடுக்கவும் இல்லை.

"பாப்பா தூங்கிட்டா" என்றான் அவன், தாழ்ந்த குரலில். அதற்கடுத்த ஸ்டாப்பிங்கை அவன் உரக்கச் சொல்லவே இல்லை.